என் காதுக்காகப் பழி சுமந்த கன்னடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக் காலிங் பெல்லுடன் எனக்கு அறிமுகம் ஏற்பட்டது.

பெல் புதிதல்ல. மாட்டி மூன்று வருடம் ஆகிறது. கடையில் பொறுக்கி வாங்கியவன் நான். ஸ்டூல் மேல் ஏறி, ஷாக் அடிக்குமோ என்று பயந்துகொண்டே ஒயரை முடுக்கியவனும் நானே. ஆனால் அது என்ன சத்தம் போடும் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. குருவி. 'கிக்கீ... கிக்கீ...' என்று ஒரு குருவி. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான், வீட்டுக்குள் குருவி எப்படி வந்தது என்று ஜன்னலைப் பார்த்தேன்.

"ஏங்க, வாசல்ல யாரோ பெல் அடிக்கறாங்க. பேகனே போய்த் தெறங்க" என்றாள், சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா.

கவனித்தீர்களா? இதில் இரண்டு அதிசயங்கள் இருக்கின்றன. பெல் காதில் விழுந்தது ஒன்று. சமையலறையிலிருந்து சரோஜா சொன்னது ஹாலில் இருந்த எனக்கு வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது இன்னொன்று. 'பேகனே' என்றால் கன்னடத்தில் 'சீக்கிரம்'. அதுகூடப் புரிந்தது.

வாசலில் நின்றது யார் என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருக்கிறது. பத்திரிகைகளில் ஏதோ ஒரு மூலையில், பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற எழுத்தில் போடுவார்களே, அந்த மாதிரித் திருத்தம் அல்ல. இந்த வாரம் பக்கம் முழுவதுமே திருத்தம்தான்.

சரோஜாவின் மைசூர்த் தமிழைப் பற்றி இங்கே எத்தனை தடவை எழுதியிருப்பேன்? அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். ரயில்வேயில் இருந்த அப்பாவோடு ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் பேசும் தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். ஒரு நாள் நான், "கடையில கொத்துமல்லி இருக்குதா?" என்று கேட்க, அவள் "கொத்தில்ல" என்று சொல்ல, கொத்தாக இல்லை, உதிரியாக இருக்கிறது போல என்று நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். கன்னடத்தில் 'கொத்தில்ல' என்றால் 'தெரியாது'. அந்த வாரம் உங்களிடமிருந்து எத்தனை கடிதங்கள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் உற்சாகமாகி, 'என் மனைவி பேசும் மொழிக்கு அகராதி தேவை' என்று மேலும் மேலும் எழுதித் தள்ளினேன்.

அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன்.

வீட்டில் எனக்கு ஒன்றுமே புரியாமல் போனதற்குக் காரணம் அவளுடைய தமிழ் அல்ல. என் காது.

புது வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வாரம் ஒரு பக்கம் எழுதுவதால் நான் மேஜை நாற்காலிக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த ஊர் பவானி. இருபத்திரண்டு வருடமாக மைசூரில் ஒரு நெசவு ஆலையில் வேலை. தறி ஷெட்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நீளமான ஒரே ஷெட், இரண்டு பக்கமும் வரிசையாகப் பவர்லூம். ஒவ்வொரு தறியிலும் நூலைச் சுமக்கும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்துகொண்டே இருக்கும். பாயும்போதெல்லாம் 'டக்'. எல்லாத் தறியும் சேர்ந்து ஓடும்போது தனித்தனி 'டக்' கிடையாது. ஒரே இரைச்சல். முதல் நாள் அந்த ஷெட்டுக்குள் போனபோது தரையே நடுங்குவது போலிருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

'பழகிவிட்டது'... இந்த வார்த்தையை நம்பித்தான் மோசம் போனேன். பழகியது நான். காது பழகவில்லை, தேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது தெரியாது.

தறி ஷெட்டில் யாரும் கத்துவதில்லை. கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசுவோம். மீதிக்குக் கை இருக்கிறது. இழை அறுந்துவிட்டது என்றால் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு விரல். மேனேஜர் வருகிறார் என்றால் மீசையை முறுக்குவது போல ஒரு சைகை. மேனேஜருக்கு மீசை கிடையாது. அவருக்கு முன்னால் இருந்த மேனேஜருக்கு இருந்ததாம், சைகை மட்டும் தங்கிவிட்டது.

நான் கன்னடம் கற்றுக்கொண்டது இந்த ஷெட்டில்தான். அதாவது காதால் அல்ல, கண்ணால். எதிரில் நின்று ஒருவர் கன்னடம் பேசினால் கடகடவென்று பதில் சொல்வேன். அவரே முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினால் ஒன்றும் புரியாது. கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பி ஏதாவது கேட்டால், "நனகெ கன்னட சரியாகி பரல்ல" என்று சொல்லிவிடுவேன். எனக்குக் கன்னடம் சரியாக வராது. அவரும் பாவம், தமிழ்க்காரர் என்று விட்டுவிடுவார். இருபத்திரண்டு வருடம் ஒரே ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்ல வெட்கமாக இல்லையா என்கிறீர்களா? இல்லை. உண்மை என்றே நம்பினேன்.

வெளியில் கன்னடம் புரியவில்லை, வீட்டில் கன்னடம் கலந்த தமிழ் புரியவில்லை. கணக்கு எவ்வளவு அழகாகச் சரியாகிவிட்டது பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் காது என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு தடவையாவது சந்தேகப்பட்டேனா?

சந்தேகப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்தால் காதுக்குள் 'கூய்...' என்று ஒரு சத்தம் ஓடும். தறி என்னோடு ஸ்கூட்டரில் ஏறி வந்துவிட்டது என்று ஜோக் அடிப்பேன். முதலில் காலையில் எழுந்தால் போய்விடும். பிறகு மத்தியானம் வரை இருந்தது. பிறகு போகவே இல்லை. டிவியில் செய்தி வாசிப்பவர் ஆணாக இருந்தால் புரியும். பெண்ணாக இருந்தால் முணுமுணுக்கிறார் என்று சத்தத்தைக் கூட்டுவேன். மாடி வீட்டிலிருந்து ஆள் வந்து குறைக்கச் சொல்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஏதாவது சொன்னால் சிரித்து வைப்பேன். ஒரு தடவை அவர் தன் தம்பி இறந்துபோனதைச் சொல்லியிருக்கிறார். அதற்கும் சிரித்து வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் என் தரப்பு. ஆனால் காது போவதன் முதல் அறிகுறி நம் காதில் தெரிவதில்லை. எதிரில் இருப்பவர் வாயில் தெரிகிறது. என்ன தெரியுமா?

'ஒண்ணுமில்ல, விடுங்க.'

என் மகள் கவிதா பேச ஆரம்பித்த நாளிலிருந்து மெல்லிய குரல்காரி. பள்ளியில் கன்னடம், தெருவில் கன்னடம், தோழிகளோடு கன்னடம். தமிழ் வீட்டில் மட்டும்தான். அவள் என்னிடம் வந்து ஏதாவது சொல்வாள். "ஆங்?" என்பேன். திரும்பச் சொல்வாள். "என்ன கண்ணு சொல்றே? வாயத் தொறந்து தெளிவாச் சொல்லு" என்பேன். மூன்றாவது தடவை அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "ஒண்ணுமில்லப்பா." போய்விடுவாள். வளர வளர, அந்த 'ஒண்ணுமில்லப்பா' மூன்றாவது தடவையிலிருந்து இரண்டாவது தடவைக்கு வந்தது. பிறகு அவள் என்னிடம் பேச வருவதே குறைந்துபோனது. பெண் பிள்ளை வளர்ந்துவிட்டது, அம்மாவோடுதான் ஒட்டுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ப்ளஸ் டூ முடித்ததும் மைசூரிலேயே கல்லூரி கிடைத்தும், சேலத்தில்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். ஏன் என்று கேட்டேன். பதில் சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சரி போ என்று சேர்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. அக்ரஹாரத்தில் எங்கள் தெரு முனையில் நாகரத்னம்மாவின் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு ஹாஸ்டலிலிருந்து கவிதா அங்கே கூப்பிடுவாள். முழு நேரமும் சரோஜாதான் பேசுவாள். கடைசி ஒரு நிமிடம் ரிசீவர் என் கைக்கு வரும். "சாப்பிட்டியா? நல்லாப் படிக்கறியா? உடம்பப் பாத்துக்கோ." எல்லாம் பதில் தேவைப்படாத கேள்விகள். எனக்கே தெரியாமல் நான் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்திருக்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு. சரோஜா ஒரு கல்யாணத்துக்காக நஞ்சனகூடு போயிருந்தாள். நான் தனியாகப் பூத் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. நாகரத்னம்மா கையைத் தட்டிக் கூப்பிட்டு, பில் மெஷின் மேல் குனிந்தபடியே ஏதோ சொல்லி, ரிசீவரை நீட்டினார். எங்கள் ஃபேக்டரி ஆபீஸிலிருந்து புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண் ஷிஃப்ட் மாற்றம் சொல்ல அங்கே கூப்பிடுவது உண்டு. கன்னடத்துப் பெண். வேகமாகப் பேசுவாள். அவள்தான் என்று நினைத்தேன்.

ரிசீவரில் ஒரு பெண் குரல். மூச்சு விடாமல் என்னவோ ஒப்பிக்கிறது. ம்... வ... ரே... ம்... வ... ரே. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் வழக்கமான பல்லவியை எடுத்துவிட்டேன்.

"நனகெ கன்னட சரியாகி பரல்லம்மா. தமிளல்லி மாத்தாடி."

அதாவது, எனக்குக் கன்னடம் சரியாக வராது, தமிழில் பேசுங்கள்.

குரல் நின்றது. அப்புறம் போனை வைத்துவிட்டார்கள்.

"யாரோ கட் பண்ணிட்டாங்க" என்று ரிசீவரை நீட்டினேன். நாகரத்னம்மா அதை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து என் எதிரில் வந்து நின்று, நிதானமாகச் சொன்னார்.

"அது தமிளே சார். நிம்ம மகளு."

அது தமிழ்தான். உங்கள் மகள்தான்.

நான் நம்பவில்லை. "சான்ஸே இல்லம்மா, லைன் சரியில்லை" என்றேன். அதற்கு அவர் கன்னடத்தில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். "இதே லைன், இதே ரிசீவர். உங்களுக்கு முன்னால் பேசியவர் ரகசியம் பேசுவது போலப் பேசிவிட்டுப் போனார். உங்கள் பெண் பேசியது ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. தமிழ் தெரியாத எனக்கே அது தமிழ் என்று தெரிந்தது. லைன் சரியில்லாதவர்கள் ஒரு நாள் கத்துவார்கள் சார். நீங்கள் வாராவாரம் கத்துகிறீர்கள். கிவி தோர்சி."

'கிவி' என்றால் காது. காதைப் போய்க் காட்டுங்கள் என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். பில் மெஷினைத் தட்டுகிற அம்மாள், எனக்கு வைத்தியம் சொல்வதா? ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பத்து மணிக்குத் திரும்பப் போய்க் காத்திருந்தேன். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கவிதா கூப்பிடவில்லை.

சாயங்காலம் சரோஜா ஊரிலிருந்து வந்ததும், கோபத்தோடு கோபமாக நடந்ததைச் சொன்னேன். அவளும் சிரிப்பாள், நாகரத்னம்மாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேங்க" என்றாள். "நீங்க ஹால்ல இருக்கறப்ப நான் எப்பவாச்சும் சமையல்கட்டுல இருந்து உங்களக் கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். ஞாபகம் இல்லை.

"கூப்பிட்டா நீங்க திரும்ப மாட்டீங்க. அடுப்பக் கம்மி பண்ணிட்டு, கையத் தொடச்சிட்டு, உங்க எதிர்ல வந்து நின்னு சொல்லுவேன். உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு கேக்கக்கூட அப்படித்தான். எத்தனை வருஷமோ ஆச்சு. பத்திரிகைக்கு என்னவோ யோசனை பண்ணிட்டு இருக்காருன்னு நெனச்சேன். அப்புறம் ஸ்வல்பம் ஸ்வல்பமா பழக்கம் ஆயிடுச்சு."

வாசகர்களே, நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்த வரி இதுதான். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும், என் காதுக்குப் பதிலாக அவள் கால் நடந்திருக்கிறது. அந்த நடையை வைத்துக்கொண்டுதான் நான் அவளுடைய தமிழைக் கிண்டல் செய்து எழுதிக்கொண்டிருந்தேன்.

காது பரிசோதனைக்கு நாள் வாங்கினோம். முதல் நிபந்தனையே எனக்குப் புதிதாக இருந்தது. ஷிஃப்ட் முடித்து நேராக வரக்கூடாது. முந்தின நாள் லீவு போட்டு, சத்தம் இல்லாத இடத்தில் இருந்துவிட்டு வர வேண்டும். இரைச்சலில் களைத்த காதை வைத்துக்கொண்டு அளந்தால் அளவு தப்பாகிவிடுமாம். நானும் ஒரு நாள் பூராவும் வீட்டில் வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரோஜாவுக்கு அது தனி சந்தோஷம்.

சத்தமே நுழையாத ஒரு சின்ன அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்யும் பெண். தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். 'பீப்' சத்தம் கேட்கிற போதெல்லாம் அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் அமுக்கினேன். அப்புறம் சத்தமே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிசப்தத்தில், என் தறிகள் மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. ரொம்ப நேரமாகிறதே என்று, "அடுத்தது எப்பம்மா?" என்று சைகையில் கேட்டேன்.

அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். அடுத்தது எல்லாம் போட்டு முடித்தாகிவிட்டதாம். எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு காரியம் செய்தாள். கையிலிருந்த ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ம்... ஆ... ம். ஃபைலை இறக்கிவிட்டு அதையே சொன்னாள். "நிம்ம ஊரு யாவுது?" உங்கள் ஊர் எது? பளிச்சென்று புரிந்தது. இரண்டு தடவையும் ஒரே வாக்கியம்தானாம், ஒரே குரல்தானாம். நான் உதட்டைப் படித்தே காலம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். இடது பக்கம் நல்ல பிள்ளையாகப் போகிற கோடு, வலது பக்கத்தில் திடீரென்று பள்ளத்தில் விழுந்தது. கீச்சுக் குரல், குருவி, பெல், பெண்கள் குழந்தைகள் பேச்சில் வரும் மெல்லிய எழுத்துகள் எல்லாம் அந்தப் பள்ளத்தில் கிடக்கின்றன. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் பள்ளம் விழுமாம். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்துச் சத்தம் காதைத் தின்கிறது என்று அர்த்தம் என்றாள்.

"நாங்க பஞ்சு வெச்சுக்குவமே" என்றேன் பெருமையாக. ஷெட்டில் கழிவுப் பஞ்சுக்கா பஞ்சம்?

பஞ்சு தூசியை நிறுத்தும், சத்தத்தை நிறுத்தாது என்றாள். போனது திரும்புமா என்று கேட்டேன். புல்லை ஒரு தடவை மிதித்தால் நிமிர்ந்துகொள்ளும், தினமும் மிதித்தால் ஒற்றையடிப் பாதைதான் என்றாள். பாதை விழுந்த இடத்தில் இனி முளைக்காது. மிச்சம் இருக்கும் புல்லை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் சில வருடம் கழித்து வந்திருந்தால் உங்கள் மனைவி எதிரில் வந்து நின்றாலும் போதாது என்றாள்.

சரோஜா என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கவிதாவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று ஞாயிறாக அவள் கூப்பிடவில்லை. 'கண்ணு, அப்பாவுக்குப் புரியாதது உன் தமிழ் இல்லை. அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. பள்ளம் விழுந்த கோட்டை இத்துடன் நகல் எடுத்து வைத்திருக்கிறேன், பார்.' வாரா வாரம் பக்கம் நிரப்புகிறவன், அதற்கு மேல் எழுத வராமல் கையெழுத்துப் போட்டேன்.

பதில் நான்கு பக்கம். தமிழில். அதிலிருந்து கொஞ்சம், அவள் சம்மதத்தோடு.

'அப்பா, அன்னிக்கு நான் படிச்சது நன்றியுரை. மறுநாள் எங்க காலேஜ் தமிழ் மன்ற விழா. நன்றியுரை சொல்ல என்னைக் கேட்டிருந்தாங்க. மைசூர்ப் பொண்ணு தமிழ்ல பேசப் போறாளேன்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. நீங்க எழுதறவர், சரியா இருக்கான்னு கேக்கலாம்னுதான் சீக்கிரமே கூப்பிட்டேன். எங்க ரூம்ல உங்க பக்கத்தை எல்லாரும் படிப்பாங்க. அம்மா தமிழை நீங்க கிண்டல் பண்றதைப் படிச்சு சிரிப்பாங்க. எனக்கு மட்டும் பயமா இருக்கும், அம்மா தமிழே இப்படின்னா என் தமிழ் எப்படி இருக்கும்னு. சின்ன வயசிலேர்ந்து நீங்க என்ன சொல்றே என்ன சொல்றேன்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்களே. நான் சேலம் வந்ததே தமிழ் ஒழுங்கா கத்துக்கிட்டு உங்ககிட்ட பேசணும்னுதான். கிளம்பும்போது அதைச் சொன்னேன். நீங்க சரி போன்னீங்க. அன்னிக்கு போன்ல தமிழ்ல பேசுன்னு நீங்க கன்னடத்துல சொன்னதும், பேப்பரை ரூம்மேட்கிட்ட கொடுத்துட்டேன். அவதான் மேடையில படிச்சா.'

நான்கு பக்கத்தையும் சரோஜாவை எதிரில் உட்காரவைத்துப் படித்தேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குக் காரணம் காது அல்ல.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மீசையில்லாத மேனேஜர் தாளைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்காமல் என்னைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார். ஷெட்டுக்குக் காதடைப்பான்கள் வந்தன. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். நான் என் கோட்டைக் காட்டினேன். சிரிப்பு நின்றது, ஒரே வாரத்தில் நான்கு பேர் பரிசோதனைக்கு லீவு கேட்டார்கள். எனக்குக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிற மெஷின் கொடுத்தார்கள். போட்ட முதல் நாள் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. பேப்பரைப் புரட்டினால் தகரக் கூரையில் மழை. என் செருப்புக்கு இப்படி ஒரு கீச்சு இருப்பது யாருக்குத் தெரியும்? பழகப் பழக ஒவ்வொன்றாக அடங்கியது.

மூன்றாம் நாள் காலை, யாரோ மெல்லப் பாடுவது போலிருந்தது. எழுந்து தேடிக்கொண்டு போனேன். சமையலறையில் சரோஜா. தோசை வார்த்துக்கொண்டே ஏதோ ஒன்றை முனகுகிறாள்.

"எப்ப இருந்து பாடறே?" என்றேன்.

"கல்யாணம் ஆன நாள்லேந்து" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புரிந்தது.

நன்றி சொல்ல எனக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. முதலில் நாகரத்னம்மா. கஸ்டமர் கோபித்துக்கொண்டு அடுத்த தெரு பூத்துக்குப் போய்விடுவானே என்று யோசிக்காமல், முகத்துக்கு நேராகச் சொன்னார். அதுவும் முகத்துக்கு நேராக வந்து நின்று சொன்னார், இல்லாவிட்டால் அதுவும் என் காதில் விழுந்திருக்காது. போய் நன்றி சொன்னேன். "பிடி சார்" என்றார். அவ்வளவுதான். 'பிடி' என்றால் கன்னடத்தில் 'விடுங்கள்' என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்காக.

அடுத்தது கன்னடம். இத்தனை வருடமாக என் காது செய்த தப்பையெல்லாம் அதன் தலையில் போட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் சுமந்தது. சோறு போட்ட மொழி. தவறாக நினைத்துக்கொள்ளாதே தாயே.

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கிரைண்டர் கடையோ, லேத் பட்டறையோ, கல் உடைக்கிற இடமோ, பேண்ட் வாசிக்கிறவரோ... வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று உங்களுக்குக் கோபம் வருகிறதா? பிள்ளைகள் 'ஒண்ணுமில்ல' என்று எழுந்து போகிறார்களா? அவர்கள் வாயைத் திருத்துவதற்கு முன் உங்கள் காதை ஒரு தடவை காட்டிவிடுங்கள். கிவி தோர்சி.

சரி. போன ஞாயிற்றுக்கிழமை குருவி கத்தியதும் போய்க் கதவைத் திறந்தேனே. வாசலில் கவிதா. கோடை லீவு. மேட்டூர், பாலாறு, கௌதள்ளி என்று ராத்திரி முழுக்க மலைப் பாதையில் குலுங்கி வந்த களைப்பு முகத்தில். கையில் ஒரு கூடை. கதவைத் திறந்தது நான் என்பதையே அவளால் நம்ப முடியவில்லை.

"பெல்லு கேட்டுச்சாப்பா?" என்றாள்.

"கேட்டுச்சு கண்ணு."

மத்தியானம் நாகரத்னம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம். ஹாலில் நாங்கள் மூன்று பேர். கவிதா அந்தப் பழைய தாளைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். எதிரில் வந்து நின்றவளை, "பின்னாடி போய் நின்னு படி" என்றேன். அவள் தயங்கினாள். பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். உதடு தெரியாது. சைகை தெரியாது. குரல் மட்டும்தான்.

"பெருமதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே..."

வந்தது. வார்த்தை வார்த்தையாக வந்தது. அன்று ம்... வ... ரே என்று கேட்டது இதுதான். என் மகளுக்கு எவ்வளவு அழகான குரல் என்று பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. அப்படியே கேட்டுக்கொண்டிருக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. 'இந்தத் தமிள் மன்ற விளாவிற்கு வருகை தந்து...' என்கிறாள். ஒரு 'ழ'கூட இல்லை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்காது. இவ்வளவு நாளும் அவள் பயந்துகொண்டிருந்த அந்தக் குறை, எனக்கு இன்றுதான் காதில் விழுகிறது.

முடித்துவிட்டு முன்னால் வந்து நின்றாள். நாகரத்னம்மா ஒரு சொல்லும் புரியாமல் கை தட்டினார். சரோஜா அழுதுகொண்டிருந்தாள்.

"தமிள் எப்படிப்பா இருக்கு?" என்றாள் கவிதா. குரல் லேசாக நடுங்கியது. அதுவும் எனக்குக் கேட்டது.

"ஒரு குறையும் இல்ல கண்ணு" என்றேன்.

அப்புறம் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து, அவள் சேலத்திலிருந்து கொண்டுவந்த மாம்பளம் சாப்பிட்டோம்.

ஆசிரியர் அவர்களுக்கு: அது மாம்பளம்தான். தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்.